மழையா, குளவியா?

சேலம் மாவட்டத்தில் தம்மம்பட்டி, கெங்கவல்லி, ஆத்தூர் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வார்கள். ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகளை நம்பிப் பயிரிடப்படும் இந்தக் கிழங்கை மாவுப்பூச்சி இரண்டு முறை தாக்கியது. அறிவியல் முறை எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த இரண்டு தாக்குதல்களின் கதை தெளிவாகக் காட்டும்.

முதலில் வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. 2008-ல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. 2010-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவிகள் அதை அடக்கின. 2020-ல் திருச்சூர் மரவள்ளியில் மறுபடி வெள்ளை படிந்தது. பிறகு சேலம், நாமக்கல்லிலும். நுனிக் குருத்து சுருண்டு, இலைகள் கொத்தாகி, கணுக்கள் நெருங்கின. பழைய குளவி இருக்கிறதே, அதுவே போதும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பூச்சியின் மெழுகை நீக்கி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, உடலில் உள்ள நுண்துளைகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது இது பினகாக்கஸ் மனிஹோட்டி என்ற வேறு இனம் என்று தெரிந்தது. பெயர் தவறினால் அடுத்து செய்யும் அத்தனையும் தவறும்.

அப்படித் தவறிய வரலாறு ஆப்பிரிக்காவில் உண்டு. 1970-களில் காங்கோ பகுதியில் தொடங்கிய இந்தப் பூச்சி, கோடிக்கணக்கானவர்களின் உணவான மரவள்ளியை அழித்துக்கொண்டே பரவியது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. பூச்சியும் அங்கிருந்துதான் வந்திருக்கும், அதன் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கண்டத்தின் வடபகுதியில் தேடியபோது அச்சு அசலாக அதே போன்ற பூச்சி கிடைத்தது. அதன் ஒட்டுண்ணிகளோ ஆப்பிரிக்கப் பூச்சியிடம் பலிக்கவில்லை. உற்றுப் பார்த்தால், ஆப்பிரிக்கப் பூச்சியில் ஆணே இல்லை, பெண் தனியாகவே பெருகும். வடபகுதியில் கிடைத்ததில் ஆண்களும் இருந்தன. இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஊகம் முழுவதும் பொய்யல்ல, தேடிய இடம்தான் தவறு. 1981-ல் பராகுவேயில் உண்மையான பூச்சி கிடைத்தது. கூடவே அனகைரஸ் லோபெசி என்ற, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவியும். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்னும். பூச்சி உப்பிக் கூடாக இறுகியதும், குளவி வட்டத் துளையிட்டு வெளியே வரும். அந்த ஆண்டே நைஜீரியாவில் குளவியை விட்டார்கள். மாவுப்பூச்சி குறைந்தது.

இந்த இடத்தில் பலரும் ஆய்வை முடித்துவிடுவார்கள். ஆனால் கனமழையும் மாவுப்பூச்சியைக் கழுவிக்கொண்டு போகும். குறைந்தது மழையாலா, குளவியாலா? இதைப் பிரித்தறிய மரவள்ளி நுனிகளுக்குத் துணியுறை மாட்டினார்கள். சில உறைகள் இருபுறமும் கட்டப்பட்டவை, குளவி நுழையாது. சில உறைகள் வாய் திறந்தவை. உறையின் நிழலும் வெப்பமும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. குளவி வந்துபோக முடிவதுதான் வேறுபாடு. மூடிய உறைக்குள் பூச்சி பல மடங்கு பெருகியது. திறந்த உறையில் பெருகவில்லை. அந்தத் திறந்த உறைதான் இந்த ஆய்வின் உயிர். அது இல்லாவிட்டால் துணிக்குள் இருந்த வெதுவெதுப்பே பூச்சியைப் பெருக்கியது என்று ஒருவர் சொல்லலாம், அதற்குப் பதில் இருக்காது. தனக்குப் பிடித்த விடை தோற்றுப்போகவும் வழி வைத்துச் சோதிப்பது என்பது இதுதான். குளவித் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஆப்பிரிக்காவில் பலித்தது என்பதற்காக நேரே சேலத்தில் விட்டுவிடவும் முடியாது. 2021-ல் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவிகளைத் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் பெங்களூருவில் தனிமைப்படுத்தி, மற்ற உயிர்களுக்குத் தீங்கு உண்டா என்று சோதித்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அவை வயலுக்கு விடப்பட்டன.

ஆப்பிரிக்க ஆய்வில் இன்னொரு பகுதியும் இருந்தது. சில பாத்திகளில் தொடர்ந்து பூச்சிமருந்து அடித்தார்கள். மாவு மெழுகுக்குள் இருந்த பூச்சி பெரும்பாலும் தப்பியது, குளவி செத்தது. மருந்து அடிக்காத பாத்தியைவிட அடித்த பாத்தியில் மாவுப்பூச்சி அதிகமானது. குளவி விட்ட வயலில் மருந்தடிக்க வேண்டாம் என்று விவசாயிகளிடம் சொல்வது இந்த முடிவை வைத்துத்தான்.