சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்குமுன் எர்த் கம்பியைப் பாருங்கள்

மார்ச், ஏப்ரலிலும் மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும் ஊவா மலைகளில் இடி மழை பெரும்பாலும் பகல் திரும்பிய பிறகுதான் வரும். அந்த நேரத்தில் பசறையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்டத்து லயத்தில் பெரியவர்கள் யாரும் இருப்பதில்லை. கொழுந்தெடுப்பவர்கள் மலையில், டிவியும் ஃப்ரிட்ஜும் மட்டும் பிளக்கில். 'இடி கேட்டதும் கழற்றிவிட்டால் போதாதா' என்பவர்கள் சொல்வது சரிதான். கழற்றிய பிளக்கைவிட நல்ல காவல் இல்லை. ஆனால் கழற்ற ஆள் இல்லாத வீட்டுக்கு அந்த யோசனை உதவாது. காவல் கருவி ஒன்று வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம். அதை எப்படித் தெரிவுசெய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

கருவியின் உள்ளே இருப்பது துத்தநாக ஒக்சைட்டால் செய்த ஒரு சிறு வில்லை. வாரிஸ்டர் என்பார்கள். நமது 230 வோல்ட்டில் அது கதவடைத்த மாதிரி இருக்கும். எங்கோ விழுந்த மின்னலால் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து வந்தால், மைக்ரோ நொடிக்கும் குறைந்த நேரத்தில் கதவு திறந்து மிகையான கரன்டை வேறு பக்கம் திருப்பிவிடும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. மின்னல் பெரும்பாலும் லைவ், நியூட்ரல் இரண்டு கம்பிகளையும் நிலத்துக்கு மேலாக ஒருசேரத் தூக்குகிறது. அதை இறக்க நிலத்தைத் தவிர வேறு இடம் கிடையாது. எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தால், அல்லது பக்கத்துக் காம்பிராவிலிருந்து இரண்டு வயர் மட்டும் இழுத்திருந்தால், விலை கூடிய கருவியும் கிட்டத்தட்ட வெறும் மல்டி பிளக்தான். ஊவாவில் இந்தக் கவலை இன்னும் கூடுதல். பாறை மேல் மண் மெல்லியதாகக் கிடக்கும் சரிவுகளில் எர்த் கம்பிக்கு நல்ல பிடிப்புக் கிடைப்பது கடினம். ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்த மண்ணில் தடை மேலும் ஏறும், அதன் பின்னாலேயே ஒக்டோபர் இடி வரும்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது மனிதரைக் காப்பது, அவசியமானது. கரன்ட் நிலத்துக்குக் கசிவதை உணர்ந்து துண்டிக்கும். ஆனால் மின்னல் பாய்ச்சல் வந்து முடிந்த பிறகே அது அசையும். கடைக்காரர் காட்டும் ஜூல் எண்ணும் முழு விடை அல்ல. வில்லை எவ்வளவு அடி தாங்கும் என்பதை மட்டும் அது சொல்கிறது. டிவி வரை எத்தனை வோல்ட் போய்ச்சேரும் என்பதே நமக்கு முக்கியம். கருவியில் அச்சிட்டிருக்கும் அந்தக் காப்பு அளவு 1.5 கிலோவோல்ட்டுக்கு மேல் இருக்கலாகாது.

இன்னோர் ஆபத்துக்கு மின்னலே தேவையில்லை. மரம் விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால், சில வீடுகளுக்கு 230க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கிய கரன்ட் நிமிடக்கணக்கில் வரலாம். ஒரு நொடிக்குள் முடியும் அடியைத் தாங்கவே செய்த வாரிஸ்டர் அப்போது சூடேறி எரியும். அமெரிக்காவில் வண்டியையே வீடாக்கிப் பயணம் போகிறவர்கள் இதை அனுபவத்தில் கற்றவர்கள். ஊர் ஊராக யாரோ போட்ட வயரிங்கில் பிளக்கைச் செருகுவதால், அவர்களுடைய நல்ல கருவிகள் முதலில் வயரிங்கைச் சோதிக்கும். அங்குள்ள 120 வோல்ட் 104க்குக் கீழே இறங்கினாலும் 132க்கு மேலே ஏறினாலும் கரன்டைத் துண்டித்துவிடும். நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் லயத்து வீட்டின் நிலையும் அதேதான். ஆகவே வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் துண்டிக்கும் வசதி இல்லாமல் சர்ஜ் ப்ரொடெக்டரை மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இதற்கெல்லாம் தோட்டச் சம்பளத்தில் பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி. ஆனால் தவணைக்கு எடுத்த ஃப்ரிட்ஜ் எரிந்தாலும் தவணை நிற்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவும் தேவையில்லை. முதல் பணத்தை எர்த் கம்பிக்குச் செலவிடுங்கள், தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அதன் தடையை அளக்கச் சொல்லுங்கள். அடுத்தது வோல்டேஜ் துண்டிப்பான், அதன் பிறகு மீட்டர் பக்கத்தில் சர்ஜ் ப்ரொடெக்டர். கூரையில் டிஷ் இருந்தால் அதன் கேபிளும் மின்னலுக்கு ஒரு வாசல்தான், அதற்கும் எர்த் வேண்டும். வானம் கறுக்கும் மாதமாக இருந்தால் வேலைக்குப் போகுமுன் பிளக்கையும் கழற்றிவிட்டுப் போங்கள். வீட்டுக்கு நேரே விழும் மின்னலை இந்தக் கருவிகள் எதுவும் தடுக்காது.