நலவாழ்வுத் தகவல் முறைமைகள்: பயனும் இடரும்

நோயாளியின் பதிவு, பரிசோதனை முடிவு, மருந்துக்குறிப்பு ஆகியவற்றைக் கணினிவழித் திரட்டிச் சேமித்து, மருத்துவர்க்கு வேண்டியபோது வழங்கும் ஏற்பாடே நலவாழ்வுத் தகவல் முறைமை எனப்படும். இதன் பயனும் இடரும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அவ்வேர் ஒருங்கிணைப்பு ஆகும். தாளில் எழுதிய நோயாளர் கோப்பு ஒரு நேரத்தில் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். கணினிப் பதிவையோ புறநோயாளர் பிரிவு, ஆய்வகம், மருந்தகம் ஆகிய மூன்றும் ஒருசேரக் காணலாம். இதனால் ஒரே பரிசோதனையை மீண்டும் செய்வது குறையும். நோயாளிக்கு ஒவ்வாத மருந்து எதுவென்பது மருந்து எழுதும்போதே தெரியவரும். பதிவுகளைத் தொகுத்து நோக்கின் நோய்ப் பரவலையும் விரைந்து உணரலாம்.

ஆயினும், அனைத்தும் ஓரிடத்தைச் சார்ந்திருக்கையில் அவ்விடம் முடங்கின் அனைத்தும் முடங்கும். 2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் (எய்ம்ஸ்) சேவையகங்கள் இணையத் தாக்குதலால் செயலிழந்தன. புறநோயாளர் பதிவு, உள்நோயாளர் சேர்க்கை, ஆய்வகப் பணி ஆகியன பல நாட்கள் கையால் எழுதியே நடைபெற்றன. கணினி நின்றபோது கைகொடுத்தது தாளே. தகவல் திருடப்படின் இழப்பு இன்னும் பெரிது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், நோய் வரலாற்றை மாற்றவியலாது.

எனவே, சேவையகத்தோடு இணைக்கப்படாத காப்புநகல், பணிக்கேற்ற அணுகல் வரம்பு, கணினியின்றிப் பணியாற்றும் பயிற்சி ஆகிய மூன்றும் இடம்பெறாத முறைமையை முழுமையுற்றதாகக் கருதவியலாது.