முகாம் வண்டிகளும் எரிபொருளும்: மொன்றியல் விடுமுறைப் பயணங்கள் உணர்த்தும் கணக்கு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஜூலை மாதத்தின் கடைசி இரண்டு வாரங்கள் கட்டுமானத் தொழிலாளர்களுக்கான விடுமுறைக் காலமாகும். 1970களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டை ஏனைய துறையினரும் பின்பற்றுவதால், மொன்றியலில் இருந்து வெளியேறும் நெடுஞ்சாலைகளில் பிக்கப் ட்ரக்குகளின் பின்னால் முகாம் ட்ரெய்லர்கள் தொடர்ந்து செல்வது அந்நாட்களின் வழமையான காட்சியாக இருக்கிறது.

படுக்கை, அடுப்பு, குளியலறை என ஒரு சிறிய வீட்டையே இழுத்துச் செல்லும் இந்த வாகனங்கள் ஒரு முறை எரிபொருள் நிரப்பினால் எவ்வளவு தூரம் ஓடும் என்பது குடும்பங்களின் செலவுக் கணக்கு மட்டுமல்ல. மாகாணத்தின் காலநிலைக் கொள்கையும் இன்று இந்தக் கேள்வியைச் சந்தித்து நிற்கிறது.

காற்றே பெரும் தடை

இலங்கையிலும் இந்தியாவிலும் ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கணக்கிடுவது வழக்கம். கனடாவிலோ 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கூறப்படுகிறது. அதன்படி, ஃபோர்ட் எஃப்-150 போன்ற ஒரு பெற்றோல் ட்ரக் சுமையின்றி ஓடும்போது சுமார் 12 லீற்றரை, அதாவது லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் என்ற அளவில், செலவிடுகிறது. பெரிய முகாம் வண்டி ஒன்றைப் பூட்டியதும் இது 20 முதல் 25 லீற்றர் வரை உயர்ந்துவிடுகிறது. வாகன விற்பனையின்போது காட்டப்படும் அதிகாரபூர்வ எரிபொருள் அளவீடுகள் ட்ரெய்லர் இல்லாமல் பெறப்பட்டவை என்பதால், புதிதாக வாங்குவோர் பலருக்கு இது அதிர்ச்சியளிக்கிறது.

இதற்கு ட்ரெய்லரின் எடை ஒரு காரணம். எனினும் எடையின் பங்கு முக்கியமாக ஏற்றங்களிலும், நின்று புறப்படும்போதும் வெளிப்படுகிறது. சமதளமான நெடுஞ்சாலையில் பெரும் எதிரி காற்றுத் தடையே. ட்ரக்கைவிட உயரமும் அகலமும் கொண்ட ட்ரெய்லரின் முகப்பு, ஒரு சுவரைப் போலக் காற்றை மோதுகிறது. இந்தத் தடை வேகத்தின் இருமடிப்பெருக்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 100 கிலோமீற்றர் வேகத்தை 90 ஆகக் குறைத்தாலே காற்றுத் தடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

மின் வாகனங்களின் சங்கடம்

2022ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த எஃப்-150 லைட்னிங் என்ற மின் ட்ரக்கின் பெரிய மின்கலம் 131 கிலோவாட் மணி சக்தியைத் தரக்கூடியது. சுமையின்றிச் சுமார் 515 கிலோமீற்றர் செல்லும் என மதிப்பிடப்பட்ட இந்த வாகனம், பெரிய ட்ரெய்லரை இழுக்கும்போது அதில் ஏறத்தாழ பாதித் தூரத்தையே கடக்கிறது.

மின் வாகனம் சக்தியை வீணாக்குகிறது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறாகும். பெற்றோல் ட்ரக்கின் பயண தூரமும் இதே பாதியளவுக்குத்தான் குறைகிறது. வேறுபாடு, கையிருப்பில் உள்ள சக்தியின் அளவில் இருக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் ஒன்பது கிலோவாட் மணி சக்தி அடங்கியுள்ளது. அந்தக் கணக்கில், மேற்கூறிய பெரிய மின்கலம் சுமார் 15 லீற்றர் பெற்றோலுக்கே சமம். பெற்றோல் இயந்திரம் தனக்குக் கிடைக்கும் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக இழந்தாலும், அதன் தாங்கியில் 87 முதல் 136 லீற்றர் வரை கொள்கிறது. தீர்ந்தால் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம்.

மொன்றியலில் இருந்து கியூபெக் நகரம் சுமார் 250 கிலோமீற்றர். ட்ரெய்லருடன் செல்லும் மின் ட்ரக் ஒன்று அங்கு சென்றடையும்போது மின்கலம் ஏறத்தாழ வெறுமையாகியிருக்கும். விடுமுறைப் பயணிகள் விரும்பிச் செல்லும் காஸ்பே தீபகற்பத்தின் முனையோ 900 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. விரைவு மின்னேற்றத்தின்போது வழக்கமாக 80 சதவீதம் வரையே நிரப்பப்படுவதால், வழியில் குறைந்தது நான்கு முறையாவது நிற்க வேண்டியிருக்கும். 2012ஆம் ஆண்டு முதல் ஹைட்ரோ-கியூபெக்கின் மின்னேற்ற வலையமைப்பு விரிவடைந்து வந்தாலும், பல நிலையங்கள் கார்களை மனதில் கொண்டே அமைக்கப்பட்டவை. அங்கு ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டே மின்னேற்ற முடிகிறது.

கொள்கையில் நெகிழ்வு

கியூபெக்கின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீர்மின் நிலையங்களில் இருந்து கிடைக்கிறது. மறுபுறம், அதன் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் 40 சதவீதத்துக்கும் அதிகமான பங்கு போக்குவரத்துத் துறையினுடையது. ஆகவே வாகனங்களை மின்மயமாக்குவதில் இந்த மாகாணம் முன்னின்றது. 2035 முதல் புதிய பெற்றோல் கார்கள், இலகுரக ட்ரக்குகளின் விற்பனையை முற்றாக நிறுத்துவது அதன் இலக்காக இருந்தது. ஆனால் 2025 செப்டம்பரில் இந்த இலக்கை 90 சதவீதமாகத் தளர்த்துவதாக மாகாண அரசு அறிவித்தது.

அதே ஆண்டு டிசம்பரில், எதிர்பார்த்த விற்பனை இல்லாத நிலையில், முழுமையான மின் லைட்னிங் ட்ரக்கின் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்ட் தெரிவித்தது. அடுத்த வடிவத்தில், மின்கலம் தளரும்போது அதனை நிரப்ப, பெற்றோலில் இயங்கும் மின்னாக்கி ஒன்று வாகனத்திலேயே பொருத்தப்படும் என்றும் அது கூறியது. நகரத்துக்குள் மின்சாரம், நெடும் பயணத்துக்குப் பெற்றோல் என்ற இந்தச் சமரசம், இழுவைத் தேவை உள்ளவர்களையே முக்கியமாகக் குறிவைக்கிறது.

பல குடும்பங்கள் ஆண்டில் சில வாரங்களே ட்ரெய்லரை இழுக்கின்றன. ஆனால் எந்த ட்ரக்கை வாங்குவது என்ற முடிவை அந்தச் சில வாரங்களே தீர்மானிக்கின்றன. எஞ்சிய நாட்களிலும் அதே கனரக வாகனம்தான் வேலைக்கும் கடைக்கும் ஓடுகிறது. தாழ்வான, எடை குறைந்த ட்ரெய்லர்களும், ட்ரெய்லரைக் கழற்றாமலே மின்னேற்றக்கூடிய நிலையங்களும் பெருகும் வரை, கியூபெக்கின் நீர்மின்சாரம் இந்த விடுமுறைப் பாதைகளில் பெற்றோலின் இடத்தை முழுமையாகப் பிடிப்பது கடினமாகவே இருக்கும்.