மூன்று நாவல்களும் எம் பெரியம்மாவும்

எம் பெரியம்மா வாசிப்பிற் பெருவிருப்புடையவர், ஆங்கிலமோ அறியார். ஆகையால், அண்மையில் நாம் வாசித்த மூன்று நாவல்களை மாலை வேளைகளில் விறாந்தையிலிருந்து அவருக்குத் தமிழிற் சொல்லும் பொறுப்பு எம்மைச் சேர்ந்தது. மூன்றும் எம் நாட்டுக் கதைகள். மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

முதலாவது, 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா'. 1990ஆம் ஆண்டுக் கொழும்பிலே கொலையுண்ட புகைப்படக்காரன் ஒருவன், தன்னைக் கொன்றவர் யாரென அறிய ஏழு இரவுகள் ஆவியாய் அலைகின்றான். மறுவுலகமும் அரசாங்கக் கந்தோரைப் போலவே வரிசையும் நெரிசலுமாய் இருப்பதைக் கேட்டுப் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஆவிகளின் தொகை பெருகப் பெருக, அவருக்குக் கண் சொருகிவிட்டது. எமக்கும் நடுப்பகுதி நீளமென்றே பட்டது.

அடுத்தது அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்'; 2021இல் புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்றது. பாட்டியைப் பராமரித்த ராணி என்பாளின் மரணச் சடங்கிற்காகக் கிருஷன் கொழும்பிலிருந்து வடக்கே புகைவண்டியிற் செல்கின்றான். கதை அவ்வளவே, எஞ்சியதெல்லாம் அவன் சிந்தனை. அந்நெடிய வாக்கியங்களைத் தமிழாக்க முயன்று நாம் மூச்சு வாங்கினோம். ஓரிடத்திலே, பொருளில்லாப் பூசலார் மனத்துள்ளே கோயில் கட்டிய வரலாறு வருகின்றது. நாம் தொடங்கியதும், "எனக்கே பெரியபுராணம் சொல்லுறாய்?" என்று தடுத்தார் பெரியம்மா. காடவர்கோன் காஞ்சியில் எழுப்பிய கற்கோயிலுக்கு முதலிற் செல்லாது, சிவபெருமான் அம்மனக்கோயிலுக்கு எழுந்தருளியதை அவரே சொல்லி முடித்தார். ஆசிரியர் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பார். ஆனால், ராணியின் இரு புதல்வரையும் போர் கொண்டதையும், இளையவன் போர் முடிவதற்கு முந்திய நாளில் மாண்டதையும் சொன்னபோது, "இண்டைக்குப் போதும்" என எழுந்துவிட்டார். ராணி தன் வாயாற் பேசுமிடங்கள் இன்னும் இருந்திருக்கலாமே என்பது எம் குறை.

அக்குறையைத் தீர்த்தது வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்'. 2023இல் வெளிவந்து, மறுவருடம் பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. யாழ்ப்பாணத்திலே வைத்தியராகும் கனவுடன் வளரும் சசி தானே கதை சொல்கின்றாள். கொதிநீர் பட்ட அவள் உடலிலே அயல்வீட்டு இளைஞன் முட்டையுடைத்து ஊற்றும் தொடக்கக் காட்சியில், "எங்கட வீட்டிலையும் அப்பிடித்தான்" என்றார் பெரியம்மா. (இக்கால வைத்தியர் இதனை ஒப்பார்.) 1983ஆம் ஆண்டுக் கலவரத்தில் மூத்த அண்ணன் மாள்கின்றான், வேறிரு சகோதரர் இயக்கத்திற் சேர்கின்றனர். படைகள் செய்ததையும் இந்திய இராணுவம் செய்ததையும் எழுதிய அதே பேனாவால் இயக்கம் செய்ததையும் ஆசிரியர் எழுதுகின்றார். இதனை முற்றாகச் சொல்வதோ, சிலவற்றைத் தாண்டுவதோ என நாம் தயங்கினோம். பெரியம்மாவின் உறவினரில் இரு பக்கமும் இழந்தோர் உளர்.

தாண்டவில்லை. சசியின் ஆசிரியை அஞ்சலி, 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலே கொலையுண்ட பேராசிரியை ராஜினி திராணகமவை நினைவூட்டுபவர். அவரது முடிவை வாசித்ததும் பெரியம்மா எம்மை நிறுத்தி, "ஆர் செய்தது?" என்று வினவினார். நாம் வாய் திறக்குமுன்னே கையமர்த்தி, "தெரியும். மிச்சத்தை வாசி" என்றார்.