டப்பாவை ஒளிச்சு வை... கூட்டாளி பேரைச் சொல்லிக் கண்டுபிடி! வெளிநாட்டில் கலக்கும் புதையல் புதிர்

புதருக்குள் ஒரு டப்பா. அதற்குள் ஒரு சின்ன நோட்டு. அதில் கையெழுத்து போட மலை ஏறுகிறார்கள், காடு மேடெல்லாம் அலைகிறார்கள். கிடைப்பது தங்கமோ வைரமோ இல்லை. அட, இதுக்கா இந்தப் பாடு என்று கேட்கிறீங்களா? முழுசா படிங்க.

இந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போவார்கள். நம்ம ஆட்டோ டிரைவர்கள் செல்போனில் வழி பார்க்கிறார்களே, அதே ஜி.பி.எஸ். தான்.

பக்கெட்டில் பீன்ஸ் டப்பா

முன்பெல்லாம் பொதுமக்களின் ஜி.பி.எஸ். சரியாக வேலை செய்யாதபடி அமெரிக்க அரசே வேண்டுமென்று குளறுபடி செய்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும். 2000-ம் ஆண்டு மே மாதம் 2-ந்தேதி இந்தத் தடை நீங்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலம் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு பக்கெட்டை ஒளித்து வைத்தார். உள்ளே புத்தகம், கொஞ்சம் பணம், உண்டிவில், ஒரு பீன்ஸ் டப்பா. "ஒன்றை எடு, ஒன்றை வை" என்பதுதான் சட்டம். மைக் டீக் என்பவர் சில நாட்களிலேயே முதல் ஆளாகக் கண்டுபிடித்தார்.

மே 30-ந்தேதி மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேச்சிங் என்று பெயர் வைத்தார். செப்டம்பர் 2-ந்தேதி ஜெரமி ஐரிஷ் இதற்கென தனி இணையதளம் தொடங்கினார். அதன்பிறகு விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியது.

அந்த முதல் பக்கெட் இப்போது இல்லை. ஆனால் ஆரம்பித்து வைத்தவர்களை மறக்கக் கூடாது என்று, அதே இடத்தில் 2003-ம் ஆண்டு நினைவுப் பலகை பதித்து விட்டார்கள்.

புதிர் எப்படி?

சில டப்பாக்களுக்கு நேரடியாக இடம் சொல்ல மாட்டார்கள். வரைபடத்தில் கேள்விக்குறி மட்டும் இருக்கும். அங்கே காட்டுகிற இடத்தில் டப்பா இருக்காது. புதிரை விடுவித்தால் தான் உண்மையான இடம் தெரியும். அதிலும் ஒரு வகை, கூட விளையாடும் கூட்டாளிகளைக் கவுரவிக்கும் புதிர். அவர்கள் பட்டப்பெயர், எத்தனை டப்பா கண்டுபிடித்தார்கள், எந்த தேதியில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் தான் சாவி.

நாமே ஒன்று போட்டுப் பார்ப்போம். இடம் 45 டிகிரி 17 நிமிடம் வடக்கு. புள்ளிக்குப் பிறகு மூன்று எண் தெரியவில்லை. கேள்வி இதுதான்: முதல் பக்கெட் வைத்த தேதி, பெயர் வைத்த தேதி, இணையதளம் தொடங்கிய தேதி. ஒவ்வொன்றிலும் கடைசி எண்ணை எடுங்க. 3-ந்தேதிக்கு 3, 30-ந்தேதிக்கு 0, 2-ந்தேதிக்கு 2. ஆக 17.302. உல்மரின் பக்கெட் இருந்தது 17.460. அங்கிருந்து தெற்கே சுமார் 300 மீட்டர்! இதேபோல தீர்க்கரேகைக்கும் கணக்கு போட்டால் இடம் கிடைத்துவிடும். (இது விளக்கத்துக்காக நாம் போட்ட கணக்கு. அங்கே டப்பா தேடாதீங்க.)

செத்தும் வாழும் பெயர்

ஒருவர் இறந்துவிட்டால் அவர் வைத்த டப்பாக்களைப் பராமரிக்க ஆள் இருக்காது. அவர் சம்மதம் இல்லாமல் வேறு பெயருக்கு மாற்றவும் முடியாது. நோட்டு நனையும், மூடி உடையும், கடைசியில் பட்டியலில் இருந்தே தூக்கி விடுவார்கள். ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் அலைந்ததற்கு அடையாளமே இல்லாமல் போகும்.

அதனால்தான் கூட்டாளிகள் அவர் பெயரில் புதிர் போடுகிறார்கள். கல்வெட்டு வைத்தால் நாலு பேர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். புதிர் அப்படி இல்லை. முன்பின் தெரியாத ஆள் கூட, அவர் யார், என்ன செய்தார் என்று தேடிப் படித்தால் தான் டப்பா கிடைக்கும்.

குண்டு பீதி

ஆபத்தும் இருக்கிறது. 2011-ம் ஆண்டு இங்கிலாந்தின் வெதர்பி நகரில் இப்படி ஒளித்த டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து, ராணுவ நிபுணர்கள் வந்து வெடிக்கச் செய்தனர். அதனால் டப்பா மேல் 'இது விளையாட்டுப் பொருள்' என்று எழுதி ஒட்ட வேண்டும், இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது விதி. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளை நாம் தொடக்கூடாது என்பதும் முக்கியம்.

2008-ம் ஆண்டு ரிச்சர்ட் கேரியட் என்பவர் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே ஒரு புதையலைப் பதிவு செய்துவிட்டு வந்தார். 2013-ல் தான் இன்னொரு விண்வெளி வீரர் போய் அதைக் 'கண்டுபிடித்தார்' என்பது குறிப்பிடத்தக்கது.