நிலம் படிக்கும் கலை

நுழையும்முன்

ஓரிடத்தை அழகுபடுத்துதல் எளிது. அவ்விடத்தை அறிந்துகொள்ளுதல் அரிது. மழைநீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எம்மரம் எம்மண்ணில் வேர்விடும், எத்தெருவில் யார் எப்பொழுது உழைக்கின்றனர் என்பவற்றை அறிந்த பின்னரே அங்கு எதையும் அமைத்தல் வேண்டும். இவ்வறிவை முறையாகக் கற்பிக்கும் துறையே நிலவெளி வடிவமைப்பு. இத்துறை மாணவர் ஒருவர் காஞ்சிபுரத்தைத் தம் பயிற்சிக் களமாகக் கொண்டால் எவற்றைக் கற்பார் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பொய்கையும் பொழிலும்

மணிமேகலைக் காப்பியத்தில் காஞ்சி மாநகர் மழையின்றி வாடுகிறது. மக்கள் பசியால் துன்புறுகின்றனர். அமுதசுரபியை ஏந்தி மணிமேகலை அந்நகருக்கு வருகிறாள். அந்நகரை ஆண்ட இளங்கிள்ளி, தெய்வம் பணித்தவாறு தான் அமைத்த பொய்கையையும் பொழிலையும் பற்றி அவளிடம் கூறுகிறான். அமுதசுரபி அன்றைய பசியைத் தீர்த்தது. நீரைத் தேக்கும் பொய்கையும் நிழல்தரும் பொழிலுமோ வருங்காலத்தையும் காக்க வல்லவை. ஒரு நகரம் தழைக்க நீர்நிலையும் மரக்கூட்டமும் இன்றியமையாதவை என்னும் தெளிவு அக்காலத் தமிழர்க்கு இருந்ததை இப்பகுதி உணர்த்துகிறது.

‘காஞ்சி’ என்பது ஆற்றங்கரையில் வளரும் ஒரு மரத்தின் பெயர். மருத நிலத்தின் கருப்பொருள்களுள் அம்மரமும் ஒன்று. அம்மரங்கள் மிகுந்திருந்தமையால் நகர் அப்பெயர் பெற்றது என்பர். ஊரின் பெயரிலேயே ஆறும் மரமும் அடங்கியிருக்கின்றன. தெற்கே பாலாறு, நகரை ஒட்டிச் செல்லும் வேகவதி, கோயில்தோறும் திருக்குளம், சுற்றிலும் ஏரிகள் என நீரோடு பின்னிப்பிணைந்து வளர்ந்த நகரம் காஞ்சி.

துறையின் இயல்பு

கட்டடக்கலை கட்டடத்தை வடிவமைக்கிறது. கட்டடங்களுக்கு இடைப்பட்ட வெளியை வடிவமைப்பது நிலவெளி வடிவமைப்பு. பூங்கா, தெரு, குளக்கரை, ஆற்றோரம், பள்ளி வளாகம், கடற்கரை ஆகிய அனைத்தும் அதன் எல்லைக்குள் அடங்கும். ஆங்கிலப் பெயரையே தமிழாக்காமல் ‘லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்’ என வழங்குவாரும் உளர். புல்தரை வளர்த்தலும் பூச்செடி நடுதலுமே இத்துறையின் பணி என்று கருதுதல் பிழை. மண்ணியல், நீரியல், தாவரவியல், பொறியியல், ஓவியம், சமூகவியல் ஆகிய பல அறிவுகளும் இதில் ஒன்றுசேர்கின்றன. 1948ஆம் ஆண்டு முதல் இத்துறையினர்க்கென ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு இயங்கி வருகிறது.

தமிழ் மரபுக்கு இச்சிந்தனை புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து மரம், பூ, விலங்கு, பறவை, நீர், உணவு, தொழில் முதலியன கருப்பொருள் என்றும் இலக்கணம் வகுத்தது. நிலவெளி வடிவமைப்பு மாணவர் ஓரிடத்திற்குச் சென்றதும் எழுதும் முதல் பட்டியலும் ஏறத்தாழ இதுவே. மேடு பள்ளம் எவை? மழைக்காலம் எது? வளரும் மரங்கள் எவை? வந்துபோகும் பறவைகள் எவை? மக்கள் செய்யும் தொழில் யாது? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே வரைபலகையில் கோடு விழும்.

முதற் பயிற்சி: திருக்குளம்

கோயில் குளம் ஒன்றைப் புதுப்பிக்கும் திட்டத்தை மாணவர் வரைய வேண்டும் எனக் கொள்வோம். படிகளைச் சீராக்குதல், கைப்பிடிக் கம்பி அமைத்தல், சுற்றிலும் நடைபாதையும் விளக்கும் இடுதல் ஆகியவையே முதலில் மனத்தில் தோன்றும். இவை யாவும் முடிந்த பின்னும் குளம் வறண்டு கிடக்கலாம். ஏனெனில் குளத்தின் உயிர் படிக்கட்டில் இல்லை, வரத்துக்காலில் இருக்கிறது.

மழைநீரைக் குளத்திற்குக் கொண்டுவரும் வரத்துக்கால், மிகுநீரை வெளியேற்றும் போக்குக்கால் ஆகிய இரண்டையும் தேடிச் செல்வதே மாணவரின் முதல் வேலை. அவை வீட்டின் அடியிலோ சாலையின் அடியிலோ மறைந்திருக்கலாம். சில இடங்களில் கழிவுநீர்க் கால்வாயாகவே மாறியிருக்கலாம். முதியவர்களிடம் கேட்டும், பழைய நில அளவைப் படங்களைப் பார்த்தும், மழை பெய்யும்போது நேரில் நின்று கவனித்தும் அவற்றின் தடத்தை அறியலாம்.

அடுத்தது கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 1 ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அப்பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,00,000 லிட்டர் நீர் கிடைக்கும். தரை திறந்த மண்ணாக இருந்தால் அதில் ஒரு பகுதி நிலத்துள் இறங்கும். தரை முழுதும் சிமெண்டால் மூடப்பட்டிருந்தால் பெரும்பகுதி சாலையில் ஓடித் தாழ்வான வீடுகளுக்குள் புகும். அதே நீர் குளத்தை அடைந்தால் செல்வம். தெருவில் தேங்கினால் துன்பம்.

இக்கணக்கின் உண்மையை அண்மைக் காலமே காட்டியது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் பெருவெள்ளத்தில் தத்தளித்தன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் உள்ளிட்ட ஏரிகள் வறண்டு, சென்னை மக்கள் குடிநீருக்குக் குடங்களுடன் வரிசையில் நின்றனர். நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நிலம் இவ்விரு துயரங்களையும் கண்டது. பெய்யும் காலத்தில் நீரைத் தேக்கிவைக்க இடமும் வழியும் குறைந்துபோனமை இவ்விரண்டிற்கும் பொதுவான காரணங்களுள் ஒன்று.

மரத்தேர்விலும் கவனம் வேண்டும். ஆலும் அரசும் நிழலுக்கு உகந்தவை. ஆயினும் கற்படிகளின் இடுக்கில் அவற்றின் வேர் நுழைந்தால் கட்டுமானம் பிளவுபடும். எனவே அவற்றைக் குளச்சுவரிலிருந்து தொலைவில் நடுதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் விசயநகரக் காலத்து நடவாவிக் கிணறு உள்ளது. படிகளின் வழியே நிலத்தடியில் இறங்கினால் ஒரு மண்டபமும் அதன் நடுவே கிணறும் காணப்படும். சித்திரைப் பௌர்ணமியன்று வரதராசப் பெருமாள் அங்கு எழுந்தருளுவார். அதற்கு முன்னரே மண்டபத்தில் நிறைந்திருக்கும் நீர் இறைக்கப்படும். மேலிருந்து நோக்கி வரையும் தரைப்படத்தால் மட்டும் இவ்வமைப்பை விளக்க இயலாது. நிலத்தைக் கத்தியால் அறுத்துப் பக்கவாட்டில் காட்டுவது போன்ற வெட்டுமுகப் படமும் தேவை. மாணவர்கள் இரு வகைப் படங்களையும் வரையப் பழகுவதன் காரணம் இதுவே.

இரண்டாம் பயிற்சி: நெசவாளர் தெரு

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் தெரு என்பது வெறும் போக்குவரத்து வழியன்று. அது தொழிற்கூடமும் ஆகும். பட்டுச்சேலைக்குரிய பாவு நூலை அதிகாலையில் தெருவின் நீளத்திற்கு நீட்டிக் கட்டி, இழைகளைச் சீராக்குவர். அதற்கு நேரான, தடையற்ற, தூய வெளி வேண்டும். பாவு தறியேறிய பின்னர், வீட்டினுள் குழித்தறியில் நெசவு நடைபெறும்.

இதனை அறியாத மாணவர் தெருவின் நடுவே வரிசையாக மரங்களையும் இருக்கைகளையும் வரைந்துவிடக்கூடும். படம் அழகாகவே தோன்றும். ஆனால், அத்தெருவில் மறுநாள் பாவு நீட்ட இயலாது. பிசினோ பூவோ பறவையின் எச்சமோ பட்டிழையில் வீழ்ந்தால் கறைபடும். பல நாள் உழைப்பும் முதலும் ஒரு கறையால் மதிப்பிழக்கும். அழகுபடுத்தும் நோக்கில் வரைந்த ஒரு கோடு ஒரு குடும்பத்தின் வருவாயைக் குலைத்துவிடும் என்பதை மாணவர் உணர வேண்டிய இடம் இது.

நிலமட்டமும் இங்குச் சிக்கலாகிறது. சாலையின் மேல் சாலை இட்டுக்கொண்டே சென்றால் தெரு உயரும், வீடு தாழும். மழைக்காலத்தில் நீர் உட்புகுந்தால் முதலில் நிறைவது தறிக்குழியே. தறிக்குழியில் நீர் நின்றால் நெசவு நிற்கும். ஆகவே, தெருவின் மட்டத்தை உயர்த்தாமல் பழைய தளத்தை அகற்றிவிட்டுப் புதிய தளம் இடுதல், வடிகாலுக்கு உரிய சரிவைக் கொடுத்தல், மரங்களைத் தெருமுனையிலும் திறந்த திடல்களிலும் நடுதல் ஆகியவையே பொருத்தமான தீர்வுகளாகும். இவற்றுள் எதுவும் படத்தில் பெரிதாகத் தெரியாது. ஆயினும் நெசவாளரின் நாளை எளிதாக்குவது இவையே.

மூன்றாம் பயிற்சி: வேகவதிக் கரை

வேகவதி ஆறு திருமுக்கூடலில் பாலாற்றுடனும் செய்யாற்றுடனும் கூடுகிறது. மழை பெய்யும்போது மட்டும் பெருகி, ஏனைய காலத்தில் ஒடுங்கும் இத்தகைய ஆற்றுக்கு இரு வடிவங்கள் உண்டு. கோடையில் காணும் ஒடுங்கிய தடத்தையே ஆறு என்று எண்ணிக் கரை கட்டினால், வெள்ளத்தின்போது ஆறு தன் பழைய அகலத்தைத் தேடிவரும். எனவே, வெள்ளம் பரவும் எல்லையைப் படத்தில் குறித்து, அவ்வெல்லைக்குள் கட்டடங்களைத் தவிர்த்து, விளையாட்டுத் திடல், தோப்பு முதலியவற்றை அமைப்பர். நீர் வந்தால் அவை நனையும், வடிந்தால் மீளும். கரையோரம் மருதம், நாவல், புங்கம் முதலிய மரங்களும், மண்ணரிப்பைத் தடுக்கும் வெட்டிவேரும் நாணலும் இடம்பெறும்.

இப்பயிற்சியின் கடினமான வினா மரத்தைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. ஆற்றோரத்தில் வாழ்வோர் பெரும்பாலும் வேறிடத்தில் குடியேற வசதியற்றோர். அவர்களைப் படத்திலிருந்து அழித்துவிட்டுப் பூங்கா வரைதல் எளிது. அவர்கள் எங்குச் செல்வர், அங்குத் தொழில் கிடைக்குமா, பிள்ளைகளின் பள்ளி எவ்வளவு தொலைவு என்பவற்றையும் திட்டத்தின் பகுதியாக ஆராய்பவரே பொறுப்புள்ள வடிவமைப்பாளர்.

சென்னை அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி, குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டிருந்த 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு, 2011ஆம் ஆண்டு தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கு நாட்டு மரங்களும் அலையாத்திச் செடிகளும் நடப்பட்டன. கெட்டுப்போன நீர்நிலையையும் மீட்க இயலும் என்பதற்கு அப்பூங்கா ஒரு சான்று.

நடந்து கற்ற அறிஞர்

‘முதலில் நோயறிதல், பின்னரே மருத்துவம்’ என்னும் நெறியை நகரமைப்பில் வலியுறுத்தியவர் பேட்ரிக் கெடிசு (1854–1932). ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இவர் அடிப்படையில் உயிரியல் அறிஞர். 1914ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்து, சென்னை மாகாணத்தின் நகரங்கள் பலவற்றைச் சுற்றிப்பார்த்தார். காஞ்சியின் கோயில்களைப் போலவே அதன் தெருக்களும் திட்டமிட்ட அமைப்பும் அவரைக் கவர்ந்தன. கொசுவை ஒழிக்கக் குளங்களைத் தூர்த்துவிடலாம் என்று கூறப்பட்ட காலத்தில், குளத்தில் மீனையும் வாத்தையும் விட்டால் அவை கொசுப்புழுக்களை உண்ணும் என்றும், குளங்கள் நகரைக் குளிர்விக்கும் என்றும் அவர் எடுத்துரைத்தார்.

அவருக்குப் பின் அமெரிக்காவில் பணியாற்றிய இயன் மெக்கார்க், மண், சரிவு, நீரோட்டம், தாவரம் ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் முறையை 1969ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். இன்று அவ்வடுக்குகளைக் கணினி ஒரு நொடியில் சேர்த்துக் காட்டுகிறது. எனினும், அடுக்குகளுக்குரிய செய்தியைத் திரட்ட ஊருக்குள் நடந்தே ஆக வேண்டும்.

தேவையான திறன்கள்

கையால் விரைந்து வரைதல், சமவுயரக் கோடுகளைப் படித்தல், மட்டம் பார்த்தல், செடிகொடிகளைப் பெயரறிந்து இனங்காணுதல், கணினியில் வரைபடம் அமைத்தல் ஆகியன மாணவர் பெறும் திறன்கள். இவற்றோடு பொறுமையாகக் கேட்கும் திறனும் வேண்டும். நெசவாளர், கோயில் பணியாளர், ஆடு மேய்ப்போர், பூ விற்போர் என அவ்விடத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் ஒரு செய்தியை வைத்திருப்பர்.

மேல்நிலைக் கல்வியில் இயற்பியலும் கணிதமும் பயின்ற மாணவர்கள் ‘நாட்டா’ எனப்படும் தேசியத் திறனறித் தேர்வை எழுதி, ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேரலாம். அதன்பின் நிலவெளி வடிவமைப்பில் ஈராண்டு முதுநிலைப் படிப்பைத் தொடரலாம்.

காக்கும் கடமை

காஞ்சிபுரத்திலிருந்து தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊராட்சிக்குரிய வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. அவ்வாரியங்களுள் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் அடங்கும். ஏரியை வெட்டுவதோடு கடமை முடிவதில்லை. ஆண்டுதோறும் அதனைக் காக்கப் பொறுப்பானவர் வேண்டும் என்பதை அன்றைய ஊரவை உணர்ந்திருந்தது.

நல்ல வடிவமைப்பின் இறுதித் தாளிலும் இவ்வினாவிற்கு விடை இருத்தல் வேண்டும். வரத்துக்காலைத் தூர்வாருபவர் யார்? நட்ட கன்றுக்கு முதல் இரு கோடைகளில் நீரூற்றுபவர் யார்? இவற்றிற்கு விடையில்லாத திட்டம் எத்துணை அழகிய படமாயினும் தாளோடு நின்றுவிடும். விடையுள்ள திட்டமோ மழைக்குப் பின் குளத்தில் நீராகவும், கோடையில் தெருமுனையில் நிழலாகவும், தெருவில் தடையின்றி நீளும் பாவாகவும் நின்று பயன்தரும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி வளாகத்தில் மழைநீர் செல்லும் வழியைக் கவனித்து ஒரு வரைபடம் வரைக.
2. உங்கள் ஊரிலுள்ள குளம் அல்லது ஏரி ஒன்றின் வரத்துக்கால், மதகு, கலிங்கு ஆகியவற்றின் இன்றைய நிலையைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
3. உங்கள் தெருவில் காலை முதல் இரவு வரை நடைபெறும் தொழில்களைப் பட்டியலிட்டு, அங்கு மரம் நடத் தகுந்த இடம் எது என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.