ஆங்கிலக் கட்டுரைக்கு முன்னால் கதைப் புத்தகம்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆங்கிலம் காதில் விழுவதே அரிது. வீடு, வயல், டவுன் பஸ் எங்கும் தமிழ்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலம் நாளுக்கு ஒரு பீரியடோடு முடிந்துவிடுகிறது. அதனால் தேர்வில் கடிதமோ கட்டுரையோ எழுத, கைடைப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். தலைப்பைச் சற்று மாற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடும். இதைப் பிள்ளையின் மந்தம் என்பது அநியாயம். ஒரு மொழியில் எழுத, அதன் வாக்கியங்கள் ஏராளமாக உள்ளே போயிருக்க வேண்டும். தமிழில் அது காதுவழியே நடந்துவிடுகிறது. காதுக்கு எட்டாத ஆங்கிலம், கண்வழியேதான் வர வேண்டும்.

இதற்குச் சான்று உண்டு. 1980-இல் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள், ஃபிஜித் தீவுகளின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சுமார் 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். அங்கும் ஆங்கிலம் வீட்டுமொழி அல்ல. சில வகுப்புகளில் பிள்ளைகள் தாமே படித்தார்கள், சிலவற்றில் ஆசிரியரோடு சேர்ந்து. வேறு பள்ளிகளில் வழக்கமான வாக்கியப் பயிற்சியே தொடர்ந்தது. கதை படித்தவர்களின் வாசிப்புத் திறன் முதலில் முந்தியது. இரண்டாம் ஆண்டில் எழுத்திலும் அந்த முன்னேற்றம் தெரிந்தது. எழுத்து தாமதமாகத்தான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்தில் பலன் தேடுபவர்கள் இதைத் தோல்வி என்று கைவிட்டிருப்பார்கள்.

பாடநூல் இருக்கிறதே என்பார்கள். ஆண்டு முழுவதும் அதே சில பாடங்களைப் பிரித்துப் பிரித்துப் படிப்பது வேறு, நூறு கதைகளைத் தடையின்றிப் படிப்பது வேறு. உதாரணமாக, ஆங்கிலத்தில் 'ஏ' எங்கே வரும், 'தி' எங்கே வரும் என்பதற்குத் தமிழில் இணையான இலக்கணம் இல்லை. விதியைச் சொல்லிக்கொடுத்தாலும், பல இடங்களில் பலமுறை கண்ட பிறகே அது கையில் வரும்.

இதைவிட வலுவான மறுப்பு கனடாவிலிருந்து வந்தது. அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பல ஆண்டுகள் பிரெஞ்சு வழியில் படித்தும், நன்றாகப் புரிந்துகொண்டார்களே தவிர, பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் தங்கிவிட்டன. 1985-இல் மெரில் ஸ்வெய்ன் இதைக் காட்டி, உள்வாங்கினால் மட்டும் போதாது, பிள்ளைகள் மொழியைத் தாமே உருவாக்கிப் பழக வேண்டும் என்று வாதிட்டார். அவர் சொன்னது சரி. ஆனால் படித்தது எதுவும் இல்லாத பிள்ளை எதைக் கொண்டு எழுதும்? கதையை மூடிவைத்துவிட்டு, அதைச் சொந்தமாக ஐந்து வரியில் எழுதச் சொன்னால் இரண்டும் சேர்ந்துவிடும்.

புத்தகத்துக்கு எங்கே போவது? 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் எளிய ஆங்கிலக் கதைகளுக்கு ஒரு பங்கு கேட்பது நியாயமே. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலைவாரியாக இலவசக் கதைகள் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளை முதல் நிலைக் கதையிலிருந்து தொடங்கட்டும். அதை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் பொறுப்பு.